மான்டரே விரிகுடாவில் ஸ்கூபா நீர்மூழ்கல்

மான்டரே விரிகுடாவில் ஸ்கூபா நீர்மூழ்கல் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மான்டரே விரிகுடாவின் தென்கரையிலும் அதனை அடுத்த கார்மல் கரையிலும், மூச்சுக்காற்றைச் சிலிண்டரில் சுமந்துகொண்டு கடலுக்குள் மூழ்கும் பொழுதுபோக்கினைக் குறிக்கும். இங்கு கடல்நீரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் 10 முதல் 15 பாகை செல்சியசு வரையே இருக்கும். சான் பிரான்சிசுகோ, சான் ஓசே ஆகிய நகரங்களில் இருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் காரில் வந்து சேரலாம். படகு வேண்டியதில்லை. கரையிலிருந்தே நடந்து நீருக்குள் இறங்கலாம். ஆகையால் வட கலிபோர்னியாவில் நீர்மூழ்கல் கற்போர் பலரின் முதற் கடல் அனுபவம் இங்கேயே நிகழ்கிறது.

வெப்பமான கடலில் பயிற்சி பெற்றுப் பின்னர் இங்கு வருவோரும் பலர். அந்தமானிலோ தாய்லாந்திலோ 28 பாகை நீரில், மெல்லிய உடையுடன் நான்கு முறை மூழ்கித் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்ற ஒருவர், மான்டரேயில் மீண்டும் தொடக்கநிலையரே ஆவார். பயிற்சி அமைப்புகள் தரும் அச்சான்றிதழ், 18 மீட்டர் ஆழம் வரை, பயிற்சி பெற்ற சூழலை ஒத்த சூழலில் மூழ்குவதற்கானது. இதன் முற்பகுதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கின்றனர். பிற்பகுதி எளிதில் மறந்துபோகிறது. குளிர்நீரில் நேரும் இடர்களுள் கணிசமானவை இந்த மறதியில் இருந்து தொடங்குபவை. குளிர் என்பது உடலுக்கு ஏற்படும் வெறும் அசௌகரியம் அன்று. அது உடையை மாற்றுகிறது. உடை எடையை மாற்றுகிறது. எடை மிதப்பையும், மிதப்பு மூச்சையும் மாற்றுகின்றன.

நீர் குளிர்ந்திருப்பதன் காரணம்

மான்டரே வட அகலாங்கு 36.6 பாகையில் அமைந்துள்ளது. ஏறத்தாழ இதே அகலாங்கில் உள்ள மால்ட்டாத் தீவைச் சூழ்ந்த நடுநிலக் கடல், கோடையில் 25 பாகையைத் தாண்டிச் சூடாகிறது. மான்டரேயில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, வடக்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவரும் கலிபோர்னிய நீரோட்டம். இரண்டாவது, ஆழ்நீர் மேலெழுதல்.

வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வலுவாக வீசும். புவியின் சுழற்சியால் ஏற்படும் கொரியோலிசு விளைவு, வட அரைக்கோளத்தில் நகரும் நீரை வலப்புறமாகத் திருப்பும். எனவே காற்றால் தள்ளப்படும் மேற்பரப்பு நீர், கரையை விட்டு விலகி மேற்கே செல்கிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, ஆழத்தில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்நீரில் நைத்திரேற்று முதலிய ஊட்டப்பொருட்கள் மிகுதி. அவற்றை உண்டு நுண்பாசிகள் பெருகும். அவற்றைச் சார்ந்து மற்ற உயிர்கள் பெருகும்.

இதனால் பருவங்கள் புதியவர் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக அமைகின்றன. கரையில் வெயில் கூடும் மே மாதத்தில் நீர் 10 பாகைக்கு இறங்கலாம். நுண்பாசிப் பெருக்கத்தால் பச்சையாகக் கலங்கி, நீருக்குள் 3 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாமலும் போகலாம். காற்று ஓய்ந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நீர் சற்று வெப்பமாகவும், 10 மீட்டருக்கு மேல் காணக்கூடிய அளவு தெளிவாகவும் இருக்கும். மான்டரேயில் முதன்முறை மூழ்க விரும்புபவருக்கு இலையுதிர் காலமே உகந்தது. கோடை விடுமுறையைக் கருதி சூன் மாதத்தில் வருவோர், காண வந்ததைக் காணாமலே திரும்ப நேரலாம்.

உடலும் குளிரும்

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே 12 பாகைக் காற்றில் ஒரு சட்டையுடன் நடமாடக்கூடிய ஒருவர், அதே வெப்பநிலையில் உள்ள நீரில் காப்புடை இன்றி நெடுநேரம் தாக்குப்பிடிக்க இயலாது.

முதல் தாக்கம் நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் நிகழ்கிறது. குளிர்நீர் முகத்திலும் கழுத்திலும் படும்பொழுது மூச்சு தானாகவே திணறி, விரைவான சிறு மூச்சுகளாக மாறும். இது அச்சத்தால் வருவதன்று. தோலின் குளிர் உணர்வுகளுக்கு உடல் காட்டும் எதிர்வினை. சில நிமிடங்களில் அடங்கிவிடும். எனவே இங்கு பழகியவர்கள் நீரில் இறங்கியவுடன் கீழே செல்வதில்லை. இடுப்பளவு நீரில் நின்று முகத்தை நனைத்து, மூச்சு சீரான பின்னரே ஆழத்துக்குச் செல்வர். மூச்சு சீராகாத நிலையில் கீழே இறங்கும் புதியவர், தமக்கு ஏதோ கோளாறு என்று எண்ணி உண்மையாகவே அஞ்சத் தொடங்குவார்.

தலையை மூடும் உறை இங்கு கட்டாயத் தேவை. உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாக வெளியேறுகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவது மிகையானது. தலை, உடற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஆனால் உடலின் மற்ற பகுதிகள் தடித்த உடைக்குள் இருக்கையில், மூடப்படாத தலை வழியேதான் வெப்பம் கசியும் என்பதும், நெற்றியில் படும் கடுங்குளிர் தலைவலியை உண்டாக்கும் என்பதும் உண்மை. உறையின் ஒரு காதுப்பக்கம் மட்டும் குளிர்நீர் புகுந்தால், உட்செவியின் சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டுச் சில நொடிகள் தலைசுற்றல் ஏற்படலாம். அப்பொழுது அசையாது ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு காத்திருந்தால் போதும். நீர் உடல் வெப்பத்துக்கு வந்ததும் சரியாகிவிடும். இதை முன்னரே அறிந்திராதவருக்கு அந்தச் சில நொடிகள் மிக நீண்டவையாகத் தோன்றும்.

விரல்கள் முதலில் செயலிழப்பவை. 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள கையுறை அணிந்தாலும், அரை மணி நேரத்தில் பிடி தளரத் தொடங்கும். கையுறையே தொடுவுணர்வைக் குறைத்துவிடும். ஆகையால் எடைப்பட்டையின் கொக்கியைக் கழற்றுதல், மிதப்பு அங்கியில் காற்றை நிரப்புதல் முதலிய செயல்களைக் கையுறையுடனேயே, பாராமலே செய்யும் அளவுக்குக் கரையில் பழகிக்கொள்ள வேண்டும். நடுக்கம் தொடங்கினால் மூழ்கலை முடித்துக்கொள்ள வேண்டும். நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வது திறமை ஆகாது. குளிர்ந்த மூளை மெதுவாகவே முடிவெடுக்கும். தான் மெதுவாக முடிவெடுப்பதையும் அது உணராது.

ஈர உடையும் எடையும்

குளிர்நீரில் பயன்படும் ஈர உடை, நியோப்பிரீன் எனப்படும் செயற்கை இரப்பரின் நுரையால் ஆனது. இவ்வுடையைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம், பெர்க்லியில் பணியாற்றிய இயற்பியலாளர் இயூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கினார். காப்பைத் தருவது நுரையில் அடைபட்டுள்ள வளிமக் குமிழ்களே. எனவே உடையை அணிந்தவர் உலர்ந்திருக்க வேண்டியதில்லை என்பதே அவர் கண்டுகொண்ட நுட்பம். தோலுக்கும் உடைக்கும் இடையே ஒரு மெல்லிய நீர்ப்படலம் தங்கி, உடலால் சூடாகி, அங்கேயே இருக்கும். உடை தளர்வாக இருந்தால் அந்நீர் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும், காப்பும் போய்விடும். ஆகவே விலையுயர்ந்த தளர்வான உடையைவிட, உடலோடு ஒட்டிய மலிவான உடை மேலானது.

மான்டரேயில் வழக்கமாக 7 மில்லிமீட்டர் உடை பயன்படுகிறது. வாடகைக்குக் கிடைப்பவற்றுள் பல, மார்புப் பகுதியில் இரண்டு அடுக்காக 14 மில்லிமீட்டர் வரை அமையும். இவ்வளவு குமிழ்களை அணிந்த ஒருவர் நீரில் தக்கை போல மிதப்பார். அவரைக் கீழே கொண்டுசெல்ல ஈயக்கட்டிகள் தேவை. வெப்பக் கடலில் 2 முதல் 5 கிலோகிராம் ஈயத்துடன் மூழ்கியவருக்கு, இங்கு 8 முதல் 14 கிலோகிராம் வரை தேவைப்படலாம்.

சிக்கல் இதன் பின்னரே தொடங்குகிறது. மேற்பரப்பில் ஒரு வளிமண்டலமாக உள்ள அழுத்தம், 10 மீட்டர் ஆழத்தில் இரண்டாகவும் 20 மீட்டரில் மூன்றாகவும் உயரும். குமிழ்கள் தடையின்றிச் சுருங்குமானால், 10 மீட்டரில் அவற்றின் பருமன் பாதியாகும். இரப்பரின் விறைப்பால் உண்மையில் சுருக்கம் சற்றுக் குறைவே எனினும், உடை தன் மிதப்பில் கணிசமான பகுதியை முதற் பத்து மீட்டரிலேயே இழந்துவிடுகிறது. (காப்பையும் அதே அளவில் இழக்கிறது. ஆழத்தில் கூடுதலாகக் குளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.) ஈயத்தின் எடை மட்டும் மாறுவதில்லை. எனவே மேற்பரப்பில் மூழ்க மறுத்தவர், சற்றுக் கீழே சென்றதும் விரைந்து அமிழத் தொடங்குவார். அதை ஈடுசெய்ய மிதப்பு அங்கியில் காற்றை நிரப்ப வேண்டும்.

மேலே வரும்பொழுது இது தலைகீழாக நிகழும். உடையும் அங்கியில் உள்ள காற்றும் ஒருசேர விரிவடையும். தேவைக்கு மேல் 3 கிலோகிராம் ஈயம் கட்டியிருப்பவர், அதை ஈடுசெய்ய அங்கியில் 3 லிட்டர் காற்றைக் கூடுதலாக வைத்திருப்பார். 10 மீட்டரில் 3 லிட்டராக இருந்த அக்காற்று, வெளியேற்றாவிட்டால் மேற்பரப்பில் 6 லிட்டராகும். மேலே செல்லச் செல்ல வேகம் கூடும். வேகம் கூடக்கூட விரிவும் கூடும். கட்டுப்பாடற்ற இந்த ஏற்றம் நுரையீரலைக் கிழிக்கக்கூடியது. சுருங்கக் கூறின், அளவுக்கு மீறிய ஈயம் மூழ்குநரை அமிழ்த்துவதோடு நிற்பதில்லை. மேலே தூக்கி எறியவும் செய்கிறது.

சரியான எடையைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முழு உபகரணத்துடன், அங்கியில் காற்றின்றி, இயல்பான ஒரு மூச்சை இழுத்து நிறுத்திச் செங்குத்தாக மிதக்க வேண்டும். நீர்மட்டம் கண்ணளவில் நின்றால் எடை ஏறத்தாழ சரி. மூச்சை வெளிவிட்டால் மெல்ல அமிழ வேண்டும். இதனுடன், சிலிண்டரில் உள்ள காற்றின் எடையையும் கருத வேண்டும். வழக்கமான 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். ஒரு லிட்டர் 1.2 கிராம் எனக் கொண்டால் அதன் எடை 2.6 கிலோகிராம். மூழ்கல் முடியும்பொழுது இதில் பெரும்பகுதி செலவாகி, சிலிண்டர் அந்த அளவு இலேசாகிவிடும். எனவே சோதனையை நிறைந்த சிலிண்டருடன் செய்பவர் 2 கிலோகிராம் கூட்டிக்கொள்வது வழக்கம். உடை மாறினாலும், உப்புநீரில் இருந்து நன்னீருக்கு மாறினாலும், சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைக்காரர் சொன்ன எண்ணை நம்பி இறங்குவது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை.

மேற்பரப்பில் இடரில் சிக்கியவர் முதலில் செய்ய வேண்டியது அங்கியில் காற்றை நிரப்புவது. அது பயனளிக்காவிட்டால் எடையைக் கழற்றி எறிவது. ஈயத்துக்குப் பணம் கொடுத்தோமே என்னும் தயக்கம் விபரீதமானது.

ஈர உடைக்கு மாற்றாக உலர் உடை உள்ளது. இதில் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள இறுக்கமான அடைப்புகள் நீரை உள்ளே விடுவதில்லை. உள்ளே கம்பளி போன்ற ஆடைகளை அணியலாம். இங்கு வாரந்தோறும் மூழ்குவோர் பலர் இறுதியில் இதற்கே மாறிவிடுகின்றனர். ஆயினும் உடைக்குள் உள்ள காற்று கால்பக்கம் ஏறினால் மூழ்குநர் தலைகீழாக மேலே இழுக்கப்படலாம். ஆகவே தனிப் பயிற்சியின்றி இதனை அணிதல் ஆகாது.

காற்றுக் கணக்கு

குளிரும் பதற்றமும் மூச்சின் அளவைக் கூட்டும். அமைதியான ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் செலவிடுகிறார் எனக் கொள்வோம். 15 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.5 வளிமண்டலம், எனவே செலவு 50 லிட்டர். மேற்கூறிய சிலிண்டரில் 50 பார் (550 லிட்டர்) இருப்பாக ஒதுக்கினால் எஞ்சுவது 1,650 லிட்டர். இது 33 நிமிடங்களுக்குப் போதும். அதே மனிதர் குளிரில் நடுங்கி, தடித்த உடையின் தடையை மீறி நீந்தி, 30 லிட்டர் வீதம் மூச்சு விட்டால் 22 நிமிடங்களிலேயே அந்த இருப்பைத் தொட்டுவிடுவார். அந்தமானில் 45 நிமிடம் நீடித்த சிலிண்டர் இங்கு அதில் பாதி நேரமே நீடிப்பதில் வியப்பில்லை.

கரையிலிருந்து மூழ்குபவர் திரும்பி வரவும் காற்று வேண்டும். மூன்றில் ஒரு பங்கு செலவானதும், அதாவது 200 பாரில் தொடங்கியவர் 135 பார் அளவில், திரும்பிவிடுவது பாதுகாப்பான வழக்கம். இருவரில் யாருடைய காற்று முதலில் இவ்வளவைத் தொடுகிறதோ அவரே திரும்பும் நேரத்தை முடிவு செய்கிறார். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 பொழுதுபோக்கு மூழ்குநர் இறப்புகளை ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தூண்டுகாரணம் கண்டறிய இயன்ற நிகழ்வுகளில் 41 விழுக்காட்டில் காற்றுப் போதாமையும், 20 விழுக்காட்டில் எதிலேனும் சிக்கிக்கொண்டமையும் தொடக்கமாக அமைந்திருந்தன. காற்றுப் போதாமை என்பது பெரும்பாலும் முன்கூட்டியே கணக்கிட்டுத் தவிர்க்கக்கூடியது என்பதால் இவ்வெண் கூடுதலாக வருத்தத்துக்குரியது.

ரெகுலேட்டர் வழியே காற்று விரிவடையும்பொழுது குளிரும். 10 பாகைக்குக் குறைந்த நீரில் அதன் உட்பகுதியில் பனி உறைந்து, காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கலாம். ஐரோப்பியத் தரநிர்ணயம் இவ்வெப்பநிலையையே குளிர்நீரின் எல்லையாகக் கொள்கிறது. மான்டரே இவ்வெல்லையின் விளிம்பில் இருப்பதால் இக்கோளாறு இங்கு அரிது.

கெல்ப்புக் காடு

குளிரைப் பொறுத்துக்கொண்டு இங்கு மக்கள் மூழ்குவதற்கு முதன்மையான காரணம் கெல்ப்பு எனப்படும் பெருங்கடற்பாசி. இங்குள்ள மாக்ரோசிசுடிசு பைரிஃபெரா என்னும் இனம், உகந்த சூழலில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. வேர் போன்ற பற்றுறுப்பால் பாறையைப் பற்றி, ஒவ்வோர் இலையின் அடியிலும் உள்ள வளிமப் பையால் நிமிர்ந்து நின்று, மேற்பரப்பை அடைந்ததும் படர்ந்து கூரையாகிறது. தெளிந்த நாளில் அக்கூரையின் இடைவெளிகள் வழியே ஒளிக்கற்றைகள் சாய்வாக இறங்கும். பவளப்பாறைகளில் மூழ்கியவர்கள் இதற்கு ஒப்பான எதையும் கண்டிருக்க மாட்டார்கள்.

கூரையின் அடியில் நீந்துவது எளிது. மேற்பரப்பில் அதைக் கடப்பதுதான் கடினம். எனவே காற்று தீரும் முன்னரே கெல்ப்பைக் கடந்து திறந்த நீரில் மேலே வருமாறு திட்டமிட வேண்டும். மேற்கூறிய மூன்றில் ஒரு பங்கு வழக்கத்துக்கு இங்கு கூடுதல் பொருள் உண்டு. கூரையின் நடுவே மேலெழ நேர்ந்தவர், கைகளால் இலைகளை முன்னிருந்து கீழே அழுத்தி, அவற்றின் மீது தவழ்ந்து செல்ல வேண்டும். கால்களை உதைத்தால் தண்டுகள் துடுப்பில் சுற்றிக்கொள்ளும். சிக்கிக்கொண்டவர் சுழலக் கூடாது. சுழன்றால் சிக்கல் இறுகும். கத்தியும் பெரும்பாலும் தேவையில்லை. தண்டை இழுத்தால் அறாது. ஆனால் வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது போல மடித்தால் சட்டென்று ஒடியும். முதுகுப்புறம் எட்டாத சிக்கலைத் துணைவர் எடுத்துவிடுவார். கலங்கிய நீரில் துணைவரைக் கையெட்டும் தொலைவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். துணைவர் கண்ணில் படாமற்போனால் ஒரு நிமிடம் மட்டும் தேடிவிட்டு இருவரும் மேலே வந்து சந்திப்பது பொது வழக்கம்.

அலையும் இடத்தேர்வும்

அலையின் உயரத்தை மட்டும் பார்த்துக் கடலை எடைபோடுவது தவறு. இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். ஆழ்கடலில் அலைநீளம், இந்நேரத்தின் (நொடிகளில்) இருமடியை 1.56 ஆல் பெருக்கக் கிடைக்கும் மீட்டர்கள் ஆகும். 8 நொடி அலையின் நீளம் 100 மீட்டர். 16 நொடி அலையின் நீளம் 400 மீட்டர். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை உணரப்படும். எனவே தொலைதூரப் புயலில் பிறந்த 16 நொடி அலை, மேற்பரப்பில் சாதுவாகத் தோன்றினும், அடித்தளத்தில் மூழ்குநரைப் பல மீட்டர் முன்னும் பின்னும் ஊசலாட்டக்கூடியது. கரையிலோ அதே அலை உயர்ந்து எழுந்து பேரளவு நீருடன் உடையும். அமெரிக்க அரசின் கடல்மிதவைகள் இவ்விரு அளவுகளையும் இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகின்றன. மான்டரேக்கு மேற்கே நிற்கும் 46042 என்னும் மிதவையின் எண்களைப் பாராமல் உள்ளூர் மூழ்குநர்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

புதியவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது, மான்டரே நகரில் கடலோரக் காவல்படைத் துறையை ஒட்டிய சான் கார்லோசு கடற்கரை. பேச்சுவழக்கில் அலைதடுப்புச் சுவரின் பெயராலேயே இது அறியப்படுகிறது. வடமேற்கில் இருந்து வரும் பேரலைகள் இங்கு நேராகத் தாக்குவதில்லை. சுவரை ஒட்டியே நீந்தினால் வழி தவறவும் வாய்ப்பில்லை. வார இறுதிகளில் பயிற்சி வகுப்புகளால் நிரம்பி வழியும் இவ்விடத்தை அனுபவசாலிகள் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. ஆயினும் கடற்சிங்கங்களை இவ்வளவு அருகில் காணக்கூடிய இடங்கள் குறைவு. கடற்கரையில் இருந்து செல்லும் பழைய குழாய் ஒன்றைப் பின்தொடர்ந்தால், மெட்ரிடியம் என்னும் வெண்ணிறக் கடற்சாமந்திகள் அரை மீட்டர் உயரத்தில் கூட்டமாக நிற்கும் பகுதியை அடையலாம். இப்பகுதி, கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்சின் பெயர் தாங்கிய காப்புப் பகுதியில் அடங்கும்.

கார்மலுக்குத் தெற்கே உள்ள பாயின்ட் லோபோசு காப்பகத்தின் வேலர்சு கோவ் என்னும் சிறு குடா, இன்னும் தெளிந்த நீரும் செழித்த வாழிடமும் உடையது. இங்கு நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான குழுக்களே அனுமதிக்கப்படுகின்றன. முன்பதிவும் சான்றிதழும் தேவை.

இவ்விரண்டுக்கும் முற்றிலும் மாறானது கார்மல் அருகே உள்ள மொனாசுடரி கடற்கரை. சாலைக்கு எதிரே உள்ள கார்மலைட்டு மடத்தால் இப்பெயர் பெற்றது. பிணவறைக் கடற்கரை என்னும் கசப்பான பட்டப்பெயரும் இதற்கு உண்டு. பருமணலால் ஆன கரை திடீரெனச் சரிவதால், அலைகள் தொலைவில் உடையாமல் காலடியிலேயே உடைகின்றன. முப்பது கிலோகிராம் சுமையுடன் சறுக்கி விழுந்தவரை, பின்வாங்கும் நீர் அடுத்த அலைக்குள் இழுத்துச் செல்லும். நிற்க முயலாமல், முகமூடியையும் ரெகுலேட்டரையும் கழற்றாமல், கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்தே கரையேறுவது இங்கு வழக்கம். கடற்பள்ளத்தாக்கு ஒன்று கரையருகே தொடங்குவதால் நீருக்கடியில் இது மிகச் சிறந்த இடம். புதியவர்களை ஈர்ப்பதும் அதுவே. அமைதியாகத் தோன்றும் நாளிலும் உள்ளூர்த் துணையின்றிப் புதியவர்கள் இங்கு இறங்கலாகாது.

எந்த இடமாயினும், உபகரணங்களை அணியும் முன் கால் மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. அலைகள் குழுக்களாக வருவதால், ஐந்து நிமிட அமைதி எதையும் உறுதி செய்யாது. குழுவில் உள்ள எவரும், எந்நேரத்திலும், காரணம் கூறாமலே மூழ்கலைக் கைவிடலாம் என்பது மூழ்குநரிடையே நிலவும் எழுதாத விதி. இரண்டு மணி நேரம் காரோட்டி, வாடகை கட்டி, அதிகாலையில் எழுந்து வந்தவருக்கு இவ்விதியைப் பயன்படுத்துவது எளிதன்று. அனுபவம் மிக்கவர் முதலில் அதைப் பயன்படுத்திக் காட்டினால் மற்றவர்களுக்குத் துணிவு வரும்.

உயிரினங்களும் அண்மைக்கால மாற்றங்களும்

பாறைமீன்கள், ஓடற்ற வண்ண நத்தைகள், கடல்நாய்கள், கடல் நீர்நாய்கள் ஆகியவை இங்கு அடிக்கடி காணப்படுகின்றன. கடல் நீர்நாய்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு, கலிபோர்னியாவில் அற்றுப்போனதாகவே கருதப்பட்டிருந்தன. 1938 ஆம் ஆண்டில் பிக் சர் கரையில் ஒரு சிறு கூட்டம் காணப்பட்டது. இன்று கலிபோர்னியாவில் உள்ள ஏறத்தாழ 3,000 விலங்குகளும் அத்தகைய எச்சத்தின் வழிவந்தவையே. 1972 ஆம் ஆண்டின் கடற்பாலூட்டிகள் காப்புச் சட்டத்தின்படி இவற்றைத் துன்புறுத்துவது குற்றமாகும். மூழ்குநர் அருகே செல்லாமல், விலங்கு தானாக வந்தால் அசையாது இருப்பதே முறை.

2013 ஆம் ஆண்டில் தொடங்கிய நோய் ஒன்றால் பசிபிக் கரை நெடுகிலும் நட்சத்திர மீன்கள் கரைந்து மடிந்தன. கடல் முள்ளெலிகளை உண்ணும் சூரியகாந்தி நட்சத்திர மீன் கலிபோர்னியாவில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. நோய்க்குக் காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்னும் பாக்டீரியம் என 2025 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொள்ள, ஊதா நிற முள்ளெலிகள் பெருகிக் கெல்ப்பை மேய்ந்து தீர்த்தன. வட கலிபோர்னியாவில் கெல்ப்புக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன. நீர்நாய்கள் உள்ள மான்டரேயில் காடு திட்டுத்திட்டாக எஞ்சியது. கெல்ப்பு உள்ள திட்டுகளில் கொழுத்த முள்ளெலிகளையே நீர்நாய்கள் உண்கின்றன. வெறும்பாறையில் பட்டினி கிடக்கும், உள்ளீடற்ற முள்ளெலிகளை அவை தொடுவதில்லை. ஆகவே எஞ்சிய காடு காக்கப்படுகிறது; அழிந்த இடம் தானாக மீள்வதில்லை.

இதனால் பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அடர்ந்த காடு என்று குறிக்கப்பட்ட சில இடங்கள் இன்று முள்ளெலி மூடிய வெற்றுப் பாறைகளாக உள்ளன. இம்மாற்றங்கள் பற்றிய தரவுகளில் ஒரு பகுதி தன்னார்வ மூழ்குநர்களால் திரட்டப்பட்டது. ரீஃப் செக் அமைப்பு, போதிய அனுபவம் பெற்ற மூழ்குநர்களுக்கு இனங்காணப் பயிற்சி அளிக்கிறது. அவர்கள் அடித்தளத்தில் 30 மீட்டர் அளவுநாடாவை விரித்து, அதன் இருபுறமும் உள்ள மீன்களையும் முள்ளெலிகளையும் கெல்ப்புத் தண்டுகளையும் எண்ணிப் பலகையில் குறித்து வருகின்றனர். நாடாவைக் கலைக்காமல், மண்ணைக் கிளப்பாமல் அதன் மேலே மிதந்து நிற்கும் அளவுக்கு மிதப்புக் கட்டுப்பாடு இப்பணிக்கு வேண்டும்.